முன்சீட்டில் ஒரு துண்டு

நேற்று காலை என் துண்டு சேலத்துக்குப் போய்விட்டது. நான் போகவில்லை.

நடந்தது இவ்வளவுதான். மூக்குக் கண்ணாடியை மாற்றச் சொல்லி மூன்று மாதமாக வீட்டில் நச்சரிப்பு. புதுச்சத்திரத்தில் சேலம் பஸ் வந்து நின்றது. ஏறினேன். முன்பக்கம் ஜன்னலோரமாக ஓர் இடம் காலியாக இருந்தது. தோளில் கிடந்த துண்டை அதில் விரித்துப் போட்டேன். இடம் நம்முடையதாகிவிட்டது என்ற நிம்மதியோடு எதிர்க்கடையில் ஒரு வாய் டீ குடிக்க இறங்கினேன். டம்ளர் என் கைக்கு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பலமாகக் கையைத் தட்டினேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். பாராட்டுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு விசில் கொடுத்தார். வண்டி இன்னும் வேகமாகப் போயிற்று.

"டைம் ஆச்சுங்களே, அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

சின்ன வயசு. இந்த ரோட்டில் ஒரு காலத்தில் எங்கள் வீட்டு பஸ் ஓடியது அவருக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு டைம் என்று ஒன்று உண்டு என்ற சேதியை இந்த ஊருக்கு முதன்முதலில் கொண்டுவந்தவன் நான்தான் என்பதும் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பது போகப் போக உங்களுக்கே தெரிந்துவிடும்.

டீ வந்தது. குடிக்க மனசில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அடுப்பில் புதுக் கரியை அள்ளிப் போட்டார். தூறலில் நனைந்த கரி. அது உடனே பற்றாது. சீறும், படபடவென்று வெடிக்கும், தலையைப் பிடித்து அழுத்துகிற மாதிரி ஒரு புகையைக் கக்கும். அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது, உள்ளே கடிதம் பத்திரமாக இருக்கிறதா என்று. இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே இருந்த கடிதம்!

யுத்த காலத்தில் பஸ்கள் கரியில் ஓடின. சொன்னால் என் பெண்ணே நம்புவதில்லை. ரயில் என்ஜினை நினைத்துக்கொண்டு உளறுகிறேன் என்கிறாள். பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போயிற்று. எங்களுக்குக் கூப்பனில் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைத்தது. அதனால் வண்டியின் பின்புறத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைக் கட்டினார்கள். கேஸ் பிளாண்ட் என்று பெயர். மேல் மூடியைத் திறந்து கரியைக் கொட்டி, அடியில் நெருப்பு வைத்து, பக்கத்தில் இருக்கும் காற்றாடியின் கைப்பிடியைக் கால் மணி, அரை மணி சுற்றினால் கரியிலிருந்து ஒரு வாயு கிளம்பும். அதுதான் என்ஜினை ஓட்டும். ஓட்டும் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். பெண்கள் இறங்கி நடப்பார்கள். நடந்தவர்கள் முன்னாலேயே மேட்டு உச்சிக்குப் போய்ப் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, வண்டி வருவதற்காகக் காத்திருப்பார்கள்.

எங்கள் அப்பா நிலக்கடலையும் பருத்தியும் போடுகிற விவசாயி. யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முன்பு ஒரு பஸ்ஸை வாங்கிவிட்டார். எருமை வாங்கப் போனவர் பஸ்ஸோடு திரும்பி வந்தார் என்று அம்மா சொல்வாள். அதில் பாதிதான் மிகை. அதை அவர் எருமை மாதிரியேதான் நடத்தினார். மாட்டுப் பொங்கலன்று அதற்கும் மாலை உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதற்கு ஓய்வு. ஓய்வு கொடுக்காவிட்டால் படுத்துக்கொள்ளும் என்று நம்பினார். ஓய்வு கொடுத்தும் படுத்துக்கொண்டது.

நான் திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டு ஊருக்கு வந்தபோது என் சட்டைப் பையில் அந்தக் கடிதம் இருந்தது. சென்னையில் ஒரு வாரப் பத்திரிகை என்னுடைய மூன்று சிரிப்புக் கட்டுரைகளைப் போட்டிருந்தது. அதன் ஆசிரியர் எழுதியிருந்தார்: உதவி ஆசிரியர் வேலை ஒன்று காலியாகப் போகிறது, தை முதல் வாரத்துக்குள் வந்து சேர்ந்தால் உமக்கே தருகிறேன். அந்த 'உமக்கே'யில் இருந்த ஏகாரத்தை நான் எத்தனை தடவை தடவிப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

அப்பாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படிக்கவில்லை. காகிதம் என்ன தடிமன் என்று விரலால் நெருடிப் பார்த்தார்.

"பத்திரிகைன்னா அதுல என்ன எழுதுவீங்க?"

"நாட்டு நடப்பை எழுதறதுங்கப்பா."

"நடந்து போனதைத்தான? நடந்து போனதை எழுதி என்ன பண்றது சாமி?"

அன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் அவர் விஷயத்துக்கு வந்தார். கடலைக் காட்டை அண்ணன் பார்த்துக்கொள்கிறான். வண்டியைப் பார்க்க ஆளில்லை. கூப்பனுக்கு மனு, பர்மிட்டுக்கு மனு, எல்லாம் இங்கிலீசில் எழுத வேண்டியிருக்கிறது. "தை வரைக்கும் ஆறு மாசம் இருக்குதல்ல? அது வரைக்கும் பாத்துக் குடு. அப்பறம் நீ மெட்ராசுக்குப் போ, லண்டனுக்குப் போ, நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

ஆறு மாசம் என்பது அவ்வளவு நியாயமான அளவாகத் தோன்றியது. சரி என்றேன். அன்று மத்தியானமே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, என் வாழ்க்கையில் எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்தி எழுதினேன். ஒன்று, சென்னை. இரண்டு, ஒரு புத்தகம். மூன்று, கல்யாணம், அதுவும் முப்பது வயதுக்குமேல். நாலு, குடும்பத் தொழில், லீவு நாட்களில் மட்டும். வீட்டில் யாரும் படித்துவிடக் கூடாது என்று இங்கிலீசில் எழுதினேன். யாரும் படிக்க முயற்சி செய்யவில்லை. அதுவும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

பிறகு தொழிலுக்கு வந்தேன். எங்கள் வண்டி புதுச்சத்திரத்திலிருந்து காலையில் கிளம்பிச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் போய் நிற்கும், பிற்பகலில் திரும்பும். டிரைவர் அங்கமுத்து, கண்டக்டர் செல்லப்பன். இருவருக்கும் என்னைவிடப் பத்து வயது கூட. "சின்னவருங்க" என்று கூப்பிட்டு, நான் சொல்வதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அவர்கள் வழக்கமாகச் செய்வதைச் செய்வார்கள். முதல் வாரத்தில் என் மூன்று வெள்ளைச் சட்டைகளும் கரிச் சட்டைகளாயின. நாலாவது வாரத்தில்தான் எனக்கு அந்தத் துண்டு விவகாரம் முழுசாகப் புரிந்தது.

வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று யாரும் கேட்பதில்லை. யார் யார் வருகிறார்கள் என்றுதான் கேட்பார்கள். சுற்றுவட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு பெரிய வீடுகள். அவர்களில் யாருக்காவது சேலம் போக வேண்டியிருந்தால், பொழுது விடியும்போதே பண்ணையாள் ஒருவர் வந்து முன்சீட்டில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். துண்டு கிடந்தால் வண்டி நகராது. துண்டுக்காரர் வீட்டில் குளித்து, பலகாரம் சாப்பிட்டு, மாட்டுக்குத் தீனி போட்டாயிற்றா என்று பார்த்து, வண்டி கட்டிக்கொண்டு வந்து சேரும்வரை, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த முப்பது பேரும் காத்திருப்பார்கள். யாரும் முணுமுணுப்பதில்லை. நாளைக்கு அவர்களுக்கும் ஒரு கல்யாணம், சாவு என்றால் வண்டி நிற்குமே!

எனக்கு இது அநியாயமாகப் பட்டது. பி.ஏ. படித்தவனுக்குப் படாமல் இருக்குமா? சேலத்துக் கோர்ட்டுக்குப் போகிறவர் வாய்தாவைத் தவறவிடுகிறார், ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் டாக்டர் போன பிறகு போய்ச் சேருகிறாள். ஒரு தகரப் பலகை வாங்கி, பச்சைப் பெயின்டில் நானே எழுதினேன்: 'வண்டி சரியாக 6.30 மணிக்குப் புறப்படும்.' 'சரியாக' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு. அதைப் பஸ் நிற்கிற புளியமரத்தில் ஆணி அடித்து மாட்டினேன். அப்பா வந்து அண்ணாந்து பார்த்தார்.

"கோடு எதுக்கு?" என்றார்.

"அழுத்தத்துக்குங்கப்பா."

"ஓ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த 'ஓ'வை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். என் வாழ்க்கையின் பெரிய தவறுகளெல்லாம் இப்படி யாரோ சொன்ன ஓரெழுத்திலிருந்துதான் ஆரம்பித்திருக்கின்றன.

ஒரு வாரம் அதிர்ஷ்டவசமாக எந்தத் துண்டும் விழவில்லை. வண்டி ஆறரைக்குக் கிளம்பியது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை முன்சீட்டில் ஒரு துண்டு கிடந்தது. இளம்பிள்ளைத் தறியில் சொல்லி நெய்த துண்டு, ஒரு சாண் அகலத்துக்குச் சிவப்புக் கரை. அந்தக் கரை போட்ட துண்டு இந்தப் பக்கத்தில் ஒரே ஒருவரிடம்தான் உண்டு. என் தாய்மாமா.

அம்மாவின் அண்ணன். ரோட்டிலிருந்து மேற்கே இரண்டு மைலில் ஊர். கடலை விலை விசாரிக்க மாதத்துக்கு ஒரு செவ்வாய் செவ்வாய்ப்பேட்டைக்குப் போவார். நல்ல மனுஷர், பெரிய மனுஷர், அதைவிடப் பெரிய மீசைக்காரர். ஆறரை ஆயிற்று. அங்கமுத்து என்னைப் பார்த்தார். செல்லப்பன் துண்டைப் பார்த்தார்.

"மாமனாருங்க துண்டுங்க" என்றார் அங்கமுத்து. எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மாமாவுக்கு ஒரு பெண் இருந்தாள்.

"பலகைல என்ன எழுதியிருக்குது?" என்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே."

"ஆறரைன்னு எழுதியிருக்குது. வண்டிய எடுங்க."

எடுத்தார். வண்டி அரை மைல் போனதும் திரும்பிப் பார்த்தேன். மேற்கே இருபுறமும் வேலி போட்ட இட்டேரிப் பாதையில் ஒரு மாட்டுச் சவாரி வண்டி புழுதி கிளப்பிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே, என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வயதில் கொள்கை மிகவும் சுலபமாகக் கிடைக்கும்.

அன்று வண்டியில் நல்ல கூட்டம். ஆண்டகளூர் கேட்டில் இன்னும் பத்துப் பேர் ஏறினார்கள். ஆனால் முன்சீட்டில் யாரும் உட்காரவில்லை. சேலம் வரைக்கும் நின்றவர்கள் நின்றுகொண்டே வந்தார்கள். துண்டு உட்கார்ந்து வந்தது. திரும்பும்போதும் அப்படியே. பிற்பகலில் புதுச்சத்திரம் வந்ததும் செல்லப்பன் அதை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். "போனது வந்திருச்சுங்க. ஆளைத்தான் காணம்" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உனக்குக் காது குத்தறப்போ யாரு மடில உக்காந்தே?"

"மாமா மடிலம்மா."

"நாளைக்கு உனக்குக் கலியாணம்னா மொதல்ல யாரு வரோணும்?"

"மாமாதான்."

"அந்த மனுசனை நடுரோட்டுல நிறுத்திப்போட்டு, அவரு துண்டைக் கூட்டிக்கிட்டுச் சேலம் போயிருக்கறியே, நீ படிச்சது என்ன படிப்புடா?"

அதற்குமேல் இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். மூன்றாம் நாள் காலையில் அங்கமுத்து வந்து நின்றார்.

"கரி வரலைங்க."

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் வண்டிக்குக் கரி மாமாவின் காட்டிலிருந்துதான் வந்தது. அவருடைய மேட்டுக்காட்டில் வேலமரம் வெட்டிச் சுடுவார்கள். வாரத்துக்கு இரண்டு வண்டி, ஒரு பேச்சும் இல்லாமல் வந்து இறங்கும். மாமா சண்டைக்கு வரவில்லை, ஆள் அனுப்பிக் கேட்கவில்லை. கரியை நிறுத்திவிட்டார். சேலத்தில் எங்கும் கரிக்குத் திண்டாட்டம். பஸ் வைத்திருந்தவர்களெல்லாம் அலைந்துகொண்டிருந்தார்கள். நாலாம் நாள் வண்டி நின்றது. 'சரியாக' என்ற பலகைக்கு அடியில், சரியாக ஆறரைக்கும் ஏழரைக்கும் எட்டரைக்கும் அது அங்கேயே நின்றது.

அப்பா என்னைத் திட்டவில்லை. "நீதான் போகோணும்" என்றார்.

துவைத்து மடித்த துண்டை ஒரு தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். மாமா களத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தாம்பாளத்தையும் பார்த்தார்.

"வா மாப்ளே. துண்டும் வந்திருக்குதா? சேலமெல்லாம் பாத்துட்டு வந்திருக்குது, களைச்சுப் போயிருக்கும். மொதல்ல அதை உக்காரச் சொல்லு."

களத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் ஒரு வளையல் சத்தமும் சிரித்தது. நான் தாம்பாளத்தைக் கட்டிலில் வைத்தேன்.

"கடியாரம் பாத்து வண்டி எடுத்தயாமே?"

"மாமா, கோர்ட்டுக்குப் போறவங்க எட்டுப் பேரு இருந்தாங்க..."

"அவங்க உனக்கு மாமனா?"

"இல்லீங்க."

"அப்பறம்?"

நான் தாம்பாளத்தை அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். "சரி போ. உன்ற கலியாணத்துக்கு நானும் கடியாரம் பாத்துத்தான் வாரேன்" என்றார். பிறகு குரலை இறக்கினார். "வண்டி போனதுகூட எனக்குப் பெருசில்ல மாப்ளே. நான் புழுதியத் தட்டிக்கிட்டு வந்து எறங்கறேன், அந்தப் புளியமரத்தடில இருந்த அத்தன பேரும் எம் மூஞ்சியப் பாக்கறான். தங்கச்சி ஊட்டு வண்டியே உனக்கு நிக்கலையான்னு கேக்கறான்."

கரி அனுப்ப ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு கண்டிஷன். அடுத்த செவ்வாய்க்கிழமை புளியமரத்தடியில், ஊர் கேட்க, நானே என் வாயால் சொல்ல வேண்டும்: துண்டு கிடந்தால் வண்டி நகராது. சொன்னேன். முப்பது பேர் கேட்டார்கள். ஒருத்தர் இருமினார். அப்பா மரத்திலிருந்து பலகையைக் கழற்றிக் கொண்டுபோய் வீட்டுக் கரித்தொட்டிக்கு மூடியாகப் போட்டார். அளவு கச்சிதமாக இருந்தது.

நாள்கள் ஓடின. மனு எழுதினேன், கூப்பன் வாங்கினேன், காற்றாடி சுற்றினேன். ஆறு மாசத்தில் ஒரு நாளைக்கூட நான் அனுபவித்ததாக ஞாபகம் இல்லை. காலண்டரில் ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தை பிறந்தது. ஐந்தாம் தேதி கிளம்புவது என்று நல்ல நாள் பார்த்தாயிற்று. செவ்வாய்ப்பேட்டையில் இறங்கிக் குதிரை வண்டி பிடித்தால் ஜங்ஷனில் பத்தரை மணி ரயில். மறுநாள் காலையில் பத்திரிகை ஆபீசில் இருப்பேன். ஆசிரியர் சொன்ன கெடுவுக்கு ஒரு நாள் மீதி.

தகரப் பெட்டியோடு புளியமரத்தடிக்கு வந்தேன். சலவைச் சட்டை, பையில் கடிதம். அங்கமுத்து முன்கூட்டியே நெருப்பு மூட்டி, காற்றாடி சுற்றி, வண்டியைத் தயாராக வைத்திருந்தார். "இன்னிக்கு மேட்டுல ஒருத்தரும் எறங்க வேண்டாமுங்க. ஒரே பிடில கொண்டு போறனுங்க" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. புகையாகவும் இருக்கலாம்.

பெட்டியை மேலே ஏற்றிவிட்டு முன்பக்கம் ஏறினேன். சீட்டில் ஒரு துண்டு. ஒரு சாண் சிவப்புக் கரை.

ஆறரை ஆயிற்று. ஏழாயிற்று. மேற்கே இட்டேரியில் புழுதி இல்லை. வண்டியில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். எல்லோருக்கும் நான் மெட்ராஸ் போவது தெரியும். எல்லோருக்கும் நான் அந்தச் செவ்வாய்க்கிழமை சொன்னதும் தெரியும்.

"சின்னவருங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார் அங்கமுத்து மெதுவாக.

"நான் துண்டை மடிச்சு மடில வெச்சுக்கறனுங்க. ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் செல்லப்பன். முப்பது பேர் கேட்கும்படி.

அப்பா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'போ' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் போய்விடுவேன், மாமாவின் முகத்தில் நான் விழிக்கப் போவதில்லை. ஆனால் நாளைக் காலையில் கரி வராது. அம்மா அவள் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. அங்கமுத்து வேறு வண்டி தேட வேண்டும். என் நோட்டுப் புத்தகத்தின் வரிசையில் இவையெல்லாம் எங்கே வருகின்றன என்று யோசித்தேன். எங்கேயும் வரவில்லை. அவற்றுக்கு நான் எண்ணே போட்டிருக்கவில்லை.

"இருக்கட்டும். நிப்போம்" என்றேன்.

ஏழே முக்காலுக்குச் சவாரி வண்டி வந்தது. மாமா இறங்கினார். பின்னால் அத்தை. அத்தையின் கையில் ஒரு பெரிய தூக்குப்போசி, மூடி நிற்காமல் துணி கட்டியிருந்தது.

"மாப்ளே தூர தேசம் போறான், வெறுங்கையோட அனுப்பறதா? விடியக்காலத்துல இருந்து உன்ற அத்தை கச்சாயம் சுடறா. ரயிலேத்தி உடறதுக்கு நானே வரோணும்னுதான் மொதல்லயே துண்டக் குடுத்தனுப்பிச்சேன். வண்டி நின்னிருக்குது பாரு!" என்று மரத்தடியில் இருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இதற்குள் நின்று நின்று கேஸ் செத்துப்போயிருந்தது. மறுபடி கரி போட்டு, மறுபடி நெருப்பு. காற்றாடியை நானே சுற்றினேன், சலவைச் சட்டையோடு. கரி ஈரம். புகை முகத்தில் அடித்தது. அப்போதும் ஒரு கையால் கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மல்லூர் மேட்டில் மாமாவும் இறங்கித் தள்ளினார்; மீசையில் கரி.

ஜங்ஷனில் எங்களுக்காக ஒரு காலி பிளாட்பாரம் காத்திருந்தது. மாமாவும் நானும் பெஞ்சில் உட்கார்ந்து கச்சாயம் தின்றோம். வெல்லமும் ஏலக்காயும் அளவாகப் போட்டு, எண்ணெய் வடிய, மிக நன்றாக இருந்தது. அந்த ருசி இன்னும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. இவர்மேல் எப்படிக் கோபப்படுவது? திட்டலாம் என்று வாயைத் திறந்தால் இன்னொரு கச்சாயத்தை எடுத்துக் கையில் வைக்கிறார்.

"ரயிலுலயும் ஒரு துண்டப் போட்டு வெச்சிருக்கோணும்" என்றார் மாமா, உண்மையான வருத்தத்தோடு. "நாளைக்கு ரயிலு இல்லையா?"

இருந்தது. ஆனால் மறுநாள் அஷ்டமி. அதற்கு மறுநாள் நவமி. தவிர, புறப்பட்ட பயணம் தடைப்பட்டுவிட்டதால் இனி சாதாரண நாள் போதாது என்று அம்மா சொல்லிவிட்டாள். ஜோசியர் விரலை மடக்கி எண்ணி, ஒன்பதாம் நாள் கொடுத்தார். நான் ஆசிரியருக்குத் தந்தி கொடுத்தேன். ஒன்பதாம் நாளுக்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது. காரியாலயம் தாமதத்தைத் தாங்காது, வேறொருவரை நியமித்தாயிற்று, அவ்வப்போது கட்டுரை அனுப்பவும். கீழே பச்சை மசியில் கையெழுத்து. நான் பலகையில் எழுதிய அதே பச்சை.

"இன்னும் ஆறு மாசம் பாத்துக் குடு சாமி" என்றார் அப்பா.

இப்படிப் பதினொரு வருஷம். என் பட்டியலை வாழ்க்கை கீழிருந்து படித்தது. நாலாவது முதலில் வந்தது, அதுவும் லீவே இல்லாமல். மூன்றாவது இருபத்து மூன்று வயதில் வந்தது. கதவுக்குப் பின்னால் சிரித்த அந்த வளையல்தான் பெண். முகூர்த்தத்துக்கு மாமா கையில் ஒரு கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பந்தல் முழுவதும் சிரித்தது. இரண்டாவது வந்து, சேலத்தில் அச்சாகி, பெரும்பகுதி இப்போது எங்கள் பரண்மேல் இருக்கிறது. ஒன்றாவதுக்கு மட்டும் இன்னும் நல்ல நாள் வரவில்லை. சென்னைக்குப் பலமுறை போய்வந்திருக்கிறேன், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும். அதையெல்லாம் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அந்தப் பத்திரிகை யுத்தம் முடிந்த சில வருஷங்களில் நின்றுபோயிற்று. போயிருந்தால் என் வேலையும் போயிருக்கும் என்று ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. நானே போய், நானே அதை இழுத்து மூடியிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது. பெட்ரோல் திரும்பி வந்ததும் கேஸ் பிளாண்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டோம். பிறகு வண்டியையும் விற்றோம். மேட்டுக்காட்டில் வேலமரம் இல்லை. மாமா இல்லை. அந்தப் புளியமரத்தை ரோட்டை அகலப்படுத்துவதற்காக வெட்டிவிட்டார்கள். பலகை மட்டும் எங்கள் கோழிக்கூண்டுக்குக் கதவாக இருக்கிறது. 'சரியாக 6.30' இன்னும் தெரிகிறது. கோழிகள் ஏறத்தாழ அதைக் கடைப்பிடிக்கின்றன.

நேற்று மத்தியானம் வரைக்கும் டீக்கடையிலேயே இருந்தேன். அந்த வண்டி திரும்பி வந்தது. கண்டக்டரிடம் துண்டு என்றேன். "எந்தத் துண்டுங்க? ஓ, அதுங்களா!" டிரைவர் பக்கமாகப் போய் எடுத்துக்கொண்டு வந்தார். முன்கண்ணாடி பளிச்சென்று இருந்தது. எதனால் துடைத்தார்கள் என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"துண்டுக்கெல்லாம் வண்டி நிக்காதுங்க பெரியவரே. இனிமே உக்காந்தே இருங்க" என்றார், அன்பாகவே.

"சரிதானுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? அதைத்தானே நான் பச்சைப் பெயின்டில், கோடு வேறு போட்டு, எழுதினேன்.

வீட்டில் என் மனைவி துண்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். "கண்ணாடி எங்கீங்க?"

"நான் போகலை. துண்டு மட்டும் போயிட்டு வந்துது."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பரம்பரைச் சிரிப்பு. "இதென்னங்க இப்படிக் கரி?"

"கரி இல்லை. டீசல்."

"எங்கய்யன் இருந்திருந்தா நாளைக்கே கரிய நிறுத்தியிருப்பாரு" என்றாள்.

இருவரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகுதான் உறைத்தது, கோபித்துக்கொண்டு நிறுத்தி வைக்க எங்களிடம் இப்போது ஒன்றுமே இல்லை. அவள் துண்டைச் சோப்புப் போட்டு ஊறவைத்தாள். கறை போகாது என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் மறுபடி சேலம் போக வேண்டும். டீ குடிக்க இறங்குவதாக இல்லை.